மூட்டை எடைக் கணக்கில் பி மதிப்பு முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

யாங்கோனில் பருப்புக் கிடங்கும் உடைப்பு ஆலையும் வைத்திருக்கிற நம்மவர்கள் பலர் இப்போது மூட்டையின் சராசரி எடையைக் கண்ணால் மதிப்பிடுவதை விட்டுவிட்டு எக்செல்லில் போட்டுப் பரிசோதிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கணக்கு ஊருக்கு ஊர், கிடங்குக்குக் கிடங்கு ஒரே மாதிரிதான் கோளாறாகிறது, அதே கேள்விகளோடுதான் பையன்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார்கள். அதனால் இதை அறிகுறி வாரியாகவே எழுதிவைக்கிறேன். சூத்திரம் எப்படிப் பிறந்தது என்பதெல்லாம் இங்கே இல்லை. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

எல்லாத் தலைப்புக்கும் ஒரே உதாரணம். உளுந்து மூட்டை 50 கிலோ என்று சொல்லி விற்கிறோம். பத்து மூட்டையை எடுத்து நிறுத்தால் 49.6, 50.1, 49.4, 49.8, 50.2, 49.5, 49.7, 49.9, 49.3, 49.5. சராசரி 49.7, திட்ட விலக்கம் (மூட்டைக்கு மூட்டை எடை சிதறுகிற அளவு) 0.298, திட்டப் பிழை (அந்தச் சராசரியே எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) 0.0943. இன்மைக் கருதுகோள், அதாவது பரிசோதனைக்காக உண்மை என்று வைத்துக்கொள்வது: கிடங்கில் இருக்கிற மொத்தச் சரக்கின் சராசரி 50 கிலோ. டி மதிப்பு (50-இலிருந்து சராசரி எத்தனை திட்டப் பிழை தள்ளி இருக்கிறது என்பது) −3.18, கட்டின்மைக் கூறுகள் (மூட்டை எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9, இருபக்க பி மதிப்பு 0.011. உண்மையான சராசரி 50 ஆகவே இருந்தாலும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ தள்ளிப்போக எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. கூடுதல், குறைவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இருபக்கம், ஒன்றை மட்டும் பார்த்தால் ஒருபக்கம். இந்த எண்களை ஒருமுறை உங்கள் எக்செல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள். இதே விடை வந்தால் உங்கள் தாள் சரி, கோளாறு உங்கள் தரவில் இருக்கிறது. வேறு விடை வந்தால் கோளாறு தாளில்தான். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அறிகுறி: விடையே வரவில்லை, பிழைக்குறிதான் வருகிறது

*#நம்! என்று வந்தால்:* பெரும்பாலும் டி.டிஸ்ட்.2டி சூத்திரத்துக்குள் எதிர்மறை எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். அந்தச் சூத்திரம் கழித்தல் குறியை ஏற்காது. −3.18-ஐ ஏபிஎஸ் போட்டு 3.18 ஆக்கிக் கொடுங்கள், 0.011 வந்துவிடும்.

*#டிவ்/0! என்று வந்தால்:* எண்கள் எண்களாக உள்ளே போகவில்லை. கவுன்ட் (எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும்), கவுன்ட்ஏ (காலியில்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும்) இரண்டையும் அதே வரிசைக்குப் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் சில கட்டங்களில் எழுத்து இருக்கிறது. நம்ம ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: கிடங்குப் பையன் பர்மிய விசைப்பலகையில் பர்மிய எண்களாகவே அடித்திருப்பான், எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு விட்டுவிடும். எல்லா மூட்டையும் அப்படி அடிக்கப்பட்டிருந்தால் பிழைக்குறியாவது வரும். பத்தில் மூன்று மட்டும் அப்படி இருந்தால்தான் ஆபத்து, மீதி ஏழுக்குச் சத்தமில்லாமல் விடை வந்துவிடும். ஆகவே பிழைக்குறி வராவிட்டாலும் கவுன்ட் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

எல்லா மூட்டையும் ஒரே எடை என்றாலும் இதே குறி வரும், ஏனென்றால் திட்ட விலக்கம் பூஜ்ஜியம். அப்படி ஒரு தரவு வந்தால் கணக்கைப் பார்க்காதீர்கள், தராசைப் போய்ப் பாருங்கள். அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ முழுமையாக்கிக் காட்டுகிற தராசாக இருக்கும். இல்லையென்றால் நிறுக்காமலே எழுதியிருப்பார்கள்.

அறிகுறி: டி மதிப்பு நம்பமுடியாத அளவுக்குப் பெரியது

20, 80, 300 என்றெல்லாம் வந்தால் சந்தோஷப்படவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் அலகு. வீசையில் நிறுத்துவிட்டு 50-உடன் ஒப்பிட்டீர்களா? ஒரு வீசை 1.633 கிலோ. நம் உதாரண மூட்டைகளை வீசையில் எழுதினால் சராசரி 30.43 வரும். அதை 50-உடன் ஒப்பிட்டால் டி −339. மூன்று இலக்கத்தில் டி வந்தால் நான் முதலில் கேட்பதே "தம்பி, தராசு வீசையில இருந்துச்சா கிலோவுலயா?" என்பதுதான்.

அடுத்தது ஒப்பிடுகிற எண். பருப்பு மூட்டைக்கு 50 சரி. அரிசி மூட்டையை இங்கே வழக்கமாக 108 பவுண்டு என்று கணக்கு வைக்கிறோம், அது ஏறக்குறைய 49 கிலோ, 30 வீசை. பருப்புக்குச் செய்த தாளையே அரிசிக்கு நகல் எடுத்துக்கொண்டு 50-ஐ மாற்றாமல் விட்டால் சரியான சரக்குகூட ஒரு கிலோ குறைவு என்று காட்டும்.

அதற்கப்புறம் சாக்கு எடை. சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேலேயே இருக்கும், பிளாஸ்டிக் நெசவுச் சாக்கு நூறு கிராம் சொச்சம். ஒன்றைக் கழிக்கவேண்டிய இடத்தில் மற்றதைக் கழித்தால் எல்லா மூட்டையும் ஒரே அளவு தள்ளிப்போகும். திட்ட விலக்கம் மாறாது, சராசரி மட்டும் நகரும், அதனால் டி எகிறும்.

இவை எல்லாம் சரி என்றால் தராசு. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் இது, மின்தராசு மறுபடி உயிர் பெறும்போது மேடையில் ஏதாவது இருந்தால் அதையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும் தராசுகள் உண்டு. காலி மேடையில் பூஜ்ஜியம் காட்டுகிறதா, தெரிந்த எடைக்கல்லை வைத்தால் அதே எடை காட்டுகிறதா என்று பாருங்கள். எடைக்கல்லில் தப்புக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தராசு பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். தப்பான தராசில் நூறு மூட்டை நிறுத்தாலும் புள்ளியியலால் அதைச் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: சரக்கு குறைவு என்று கண்ணாலேயே தெரிகிறது, ஆனால் பி மதிப்பு 0.99

அடிக்கடி வருவது இது. கிடங்குப் பையன் கேட்பான்: "அண்ணே, பி 0.99 வந்திருக்கு, அப்ப சரக்கு எல்லாம் சரிதானே?" அதை நம்பி மூட்டையை லாரியில் ஏற்றியும் விடுவார்கள்.

காரணம் இசட்.டெஸ்ட் சூத்திரம். அது எப்போதும் "சராசரி 50-ஐ விடக் கூடவா" என்ற பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். நம் பத்து மூட்டையைக் கொடுத்தால் 0.9993 என்று சொல்லும். நமக்கு வேண்டியது "குறைவா" என்ற கேள்வி, அதற்கு 1-இலிருந்து கழிக்க வேண்டும், 0.0007 வரும். அதோடு சேர்ந்து இன்னொரு தப்பும் இருக்கிறது: இசட் அட்டவணை மொத்தச் சரக்கின் திட்ட விலக்கம் முன்பே தெரிந்திருந்தால்தான் பொருந்தும். நமக்குத் தெரிந்தது பத்து மூட்டையின் விலக்கம் மட்டும். டப்ளினில் கின்னஸ் பியர் ஆலையில் வேலைபார்த்த கோசெட் 1908-இல் டி பரிசோதனையைக் கொண்டுவந்ததே இந்த மாதிரிச் சின்ன மாதிரிகளுக்காகத்தான். டி.டிஸ்ட் சூத்திரத்தில் −3.18, 9, ட்ரூ என்று கொடுங்கள், 0.0056 வரும். "குறைவா" என்ற ஒருபக்கக் கேள்விக்கு அதுதான் விடை.

இசட்.டெஸ்டையே பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். கிடங்கு வேலைக்கு அது தேவைப்படுகிற சந்தர்ப்பம் அனேகமாக வருவதே இல்லை.

அறிகுறி: ஒரே தரவு, இரண்டு பேர், இரண்டு பி மதிப்பு

இருவரும் அவரவர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இருப்பதைப் பாருங்கள்.

ஒருவருடையது மற்றவருடையதில் சரியாகப் பாதி என்றால் ஒருவர் ஒருபக்கம் பார்த்திருக்கிறார், மற்றவர் இருபக்கம். 0.0056-உம் 0.011-உம் சண்டை போடவில்லை, இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. வாங்குகிறவர் குறைவைப் பற்றி மட்டும் கவலைப்படுவார், அவருக்கு ஒருபக்கம். ஆலைக்காரருக்குக் கூடப் போனாலும் நஷ்டம், குறைந்தாலும் பேச்சு, அவருக்கு இருபக்கம். எந்தப் பக்கம் என்பதை மூட்டையை நிறுக்கும் முன்பே தாளின் தலையில் எழுதிவிட வேண்டும். எடையைப் பார்த்துவிட்டு, பி 0.08 வந்ததும் "ஒருபக்கம் போட்டால் 0.04 ஆகுமே" என்று மாற்றுவது கணக்கு ஆகாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒருவருக்கு 0.011, மற்றவருக்கு 0.0085 என்றால் இரண்டாமவர் எஸ்டிடெவ்.எஸ் போடவேண்டிய இடத்தில் எஸ்டிடெவ்.பி போட்டிருக்கிறார். அது 10-ஆல் வகுக்கும், நமக்கு வேண்டியது 9-ஆல் வகுப்பது. டி −3.18-க்குப் பதில் −3.35 ஆகிவிடும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் 0.01 என்று எல்லை வைத்திருந்தால் ஒருவருக்குச் சரக்கு தேறும், மற்றவருக்குத் தேறாது.

ஒருவருக்கு 0.005 என்றால் டி.டெஸ்டின் வகை எண்ணைப் பாருங்கள். எக்செல்லில் ஒற்றை மாதிரிக்கென்று தனிச் சூத்திரம் இல்லாததால் பக்கத்து வரிசையில் பத்து முறை 50 என்று எழுதி டி.டெஸ்ட் போடுவது வழக்கம். அது செல்லும், ஆனால் கடைசி எண் 1 ஆக, அதாவது இணை வகையாக இருக்க வேண்டும். 2 போட்டால் டி அதேதான், ஆனால் கட்டின்மைக் கூறுகளை 9-க்குப் பதில் 18 என்று எடுத்துக்கொள்ளும். இல்லாத பத்து மூட்டையை நிறுத்ததாக நினைத்துக்கொள்கிறது.

அறிகுறி: சந்தேகம் பலமாக இருக்கிறது, ஆனால் பி பெரியதாகவே வருகிறது

*தட்டச்சுப் பிழை.* முதல் மூட்டையின் 49.6-இல் புள்ளி விட்டுப்போய் 496 என்று பதிந்தால் சராசரி 94 ஆகிவிடும். டி பயங்கரமாக ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஏறாது. திட்ட விலக்கமும் கூடவே 141-க்கு ஏறிவிடும், டி 0.99 என்று சாதுவாக வந்து நிற்கும். ஒரே ஒரு மதிப்பு மட்டும் மிகப் பெரிதாக இருந்தால் டி எப்போதும் 1-ஐ ஒட்டித்தான் நிற்கும். சராசரி வேடிக்கையாக இருந்து டி 1-க்குப் பக்கத்தில் வந்தால் வரிசையை ஏறுமுகமாக அடுக்குங்கள், கடைசிக் கட்டத்தில் குற்றவாளி இருக்கும். உண்மையான தட்டச்சுப் பிழை என்றால் எடைச்சீட்டைப் பார்த்துத் திருத்துங்கள். சீட்டிலும் அதே எடை இருந்தால் அந்த மூட்டையை மறுபடி நிறுங்கள். விடை பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு மூட்டையைத் தூக்கி எறியக்கூடாது.

*இரண்டு சரக்கு கலந்திருக்கிறது.* ஆலையில் இரண்டு நிரப்பும் வாய் இருந்து ஒன்று 49.6-உம் மற்றது 50.4-உம் நிரப்பினால் கூட்டுச் சராசரி 50. பரிசோதனை எல்லாம் சரி என்று சொல்லும், ஒரு பாதி வாடிக்கையாளர் ஏமாறுவார். எந்த வாயில் நிரப்பியது என்று மூட்டைக்குப் பக்கத்தில் எழுதி, தனித்தனியாகப் பரிசோதியுங்கள்.

*மூட்டை போதவில்லை.* இதுதான் கொஞ்சம் செலவு வைக்கிறது. எவ்வளவு குறைவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். திட்ட விலக்கம் 0.3, கண்டுபிடிக்கவேண்டிய குறைவு 200 கிராம், ஒருபக்கம், நல்ல சரக்கைத் தவறாகக் குறை சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம், உண்மையில் குறைவு இருந்தால் 80 சதவீதம் பிடிபட வேண்டும் என்றால்: இசட் அட்டவணையில் அந்த 5-க்கும் 80-க்கும் உரிய 1.645-உம் 0.842-உம் கூட்டி, 0.3-ஆல் பெருக்கி, 0.2-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். 13.9, அதாவது 14. டி அட்டவணைக்காக இரண்டு சேர்த்து 16 மூட்டை. அதே 100 கிராம் குறைவைப் பிடிக்க வேண்டுமானால் 56, கொஞ்சம் சேர்த்து 60 வைத்துக்கொள்ளலாம். குறைவு பாதியானால் மூட்டை நான்கு மடங்கு. ஐந்து மூட்டையை நிறுத்து 100 கிராமைத் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்.

பி பெரிதாக வந்தால் "50 கிலோ என்று நிரூபணமாகிவிட்டது" என்று எழுதாதீர்கள். "50 இல்லை என்று சொல்ல இந்த மூட்டைகள் போதவில்லை", அவ்வளவுதான்.

அறிகுறி: பி மிகச் சிறியது, ஆனால் வித்தியாசம் ஒன்றுமே இல்லை

மூட்டை எண்ணிக்கை பெரிது. 1600 மூட்டை நிறுத்து, விலக்கம் அதே 0.3, சராசரி 20 கிராம் மட்டும் குறைவு என்றால் டி −2.67, இருபக்க பி 0.008. கணக்கில் தப்பு எதுவும் இல்லை. இங்கே பி-யை விட்டுவிட்டு 95 சதவீத நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான குறைவு இருக்கக்கூடிய எல்லையைப் பாருங்கள்: மூட்டைக்கு 5-இலிருந்து 35 கிராம் வரை குறைவு. அது முக்கியமா இல்லையா என்பதை எக்செல் சொல்லாது. சில்லறைக் கடைக்காரர் கவலைப்பட மாட்டார். ஆனால் 1600 மூட்டைக்கும் சேர்த்து 32 கிலோ, உளுந்து விற்கிற விலையில் மொத்த வியாபாரி அதைச் சும்மா விடுவாரா என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

அறிகுறி: நேற்று ஒரு விடை, இன்று ஒரு விடை

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் எக்செல்லில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத கோளாறு இது. காரணம் கிடங்குத் தரையில் இருக்கும்.

எந்த மூட்டையை எடுத்தார்கள் என்று கேளுங்கள். கதவுப் பக்கம், மேல் அடுக்கு, தூக்க வசதியானது என்றுதான் பதில் வரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிய பானைக்குச் சரி, கிடங்கை யாரும் கிளறுவதில்லை. மழைக்காலத்தில் கதவோரம் இருக்கிற மூட்டை ஈரம் இழுத்திருக்கும், வெயில் காலத்தில் தகரக் கூரைக்கு அடியில் மேல் அடுக்கு காய்ந்திருக்கும். மூட்டைகளுக்கு எண் போட்டு, ராண்ட்பிட்வீன் சூத்திரத்தில் குலுக்கல் மாதிரி எண் எடுத்து, அந்த எண் எந்த மூலையில் இருந்தாலும் அதையே இழுத்து வரச் சொல்லுங்கள். கூலியாட்கள் முணுமுணுப்பார்கள், கூலி கொஞ்சம் கூடும். வேறு வழி இல்லை.

அடுத்து, எத்தனை மூட்டை என்று எண்ணுங்கள், எத்தனை எடை என்று எண்ணாதீர்கள். பத்து மூட்டையை ஆளுக்கு ஒன்றாக மூன்று பேர் நிறுத்து 30 எடை என்று போட்டால் திட்டப் பிழை பொய்யாகச் சுருங்கிவிடும். மூட்டைக்கு ஒரு சராசரி எடுத்து, பத்து என்றே போடுங்கள்.

பிறகு, நிறுப்பதை எப்போது முடித்துக்கொண்டார்கள்? ஒவ்வொரு மூட்டையும் நிறுத்தவுடன் பி பார்த்து, 0.05-க்குக் கீழே போன கணத்தில் "போதும்" என்று எழுந்துவிட்டால் 5 சதவீதம் என்று சொன்ன பிழை அதைவிட எவ்வளவோ கூடிவிடும். அதேபோல 20 சரக்கைத் தனித்தனியாகப் பரிசோதித்தால், எல்லாச் சரக்கும் நல்லதாகவே இருந்தாலும் ஒன்றிலாவது குறை என்று தவறாக வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு சரக்கை மட்டும் காட்டி ஆலைக்காரரைத் திட்டுவது அநியாயம். புதிதாக மூட்டை எடுத்து மறுபடி பரிசோதித்துவிட்டுப் பேசுங்கள்.

அறிகுறி: எடைகளின் வரைபடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது

லேசான சாய்வு, முப்பது நாற்பது மூட்டை என்றால் டி தாங்கும். பத்துப் பன்னிரண்டு மூட்டையில் பலமான சாய்வு என்றால் இன்னும் மூட்டை நிறுங்கள். முடியாவிட்டால் குறிப் பரிசோதனை (50-க்கு மேல் எத்தனை, கீழே எத்தனை என்று மட்டும் எண்ணுவது) போடலாம், ஆனால் அது சொல்வது இடைநிலையைப் பற்றி, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வருகிற எடையைப் பற்றி, சராசரியைப் பற்றி அல்ல. பணம் கொடுப்பது மொத்த எடைக்கு என்பதால் வியாபாரத்துக்குச் சராசரிதான் வேண்டும்.

எப்போது புள்ளியியல் தெரிந்தவரைக் கூப்பிடுவது

ஏற்றுமதிச் சரக்கில் தகராறு வந்து கணக்கை மூன்றாவது ஆளிடம் காட்டவேண்டியிருந்தால் கூப்பிடுங்கள். சரக்கு பல லாரி, பல கிடங்கு, பல ஆலை என்று அடுக்கடுக்காகப் பிரிந்திருந்து, லாரியிலிருந்து சில மூட்டை என்று எடுத்திருந்தாலும் கூப்பிட வேண்டும். ஒரே லாரி மூட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும், மேலே சொன்ன திட்டப் பிழை அங்கே செல்லாது. தினமும் பரிசோதித்து ஆலையையே கட்டுப்படுத்த நினைக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது டி பரிசோதனை அல்ல, கட்டுப்பாட்டு வரைபடம் (நாளுக்கு நாள் எடை எல்லைக்குள் நிற்கிறதா என்று காட்டுவது), அதை அமைக்க ஒருமுறை ஆள் வைத்துச் செய்வது நல்லது.

அவரிடம் போகும்போது பி மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அசல் எடைச்சீட்டுகள், எந்த மூட்டையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற குறிப்பு, எந்தத் தராசு, எந்த அலகு, எந்தச் சாக்கு, என்றைக்கு நிறுத்தது, நிறுக்கும் முன் எழுதிவைத்த கேள்வி ஒருபக்கமா இருபக்கமா, எவ்வளவு குறைவு வந்தால் உங்களுக்கு நஷ்டம் என்ற எண், இவ்வளவும் வேண்டும். சரக்கு இன்னும் லாரி ஏறவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் மறுபடி நிறுக்க முடியும் என்ற நிலையில் அவர் சொல்கிற வழியே வேறாக இருக்கும்.